ஸ்டைல் கீபோர்டா, லேப்டாப்பா?

முழுப் பரீட்சை முடிந்த கையோடும், விஜயதசமிக்கு முந்தைய வாரத்திலும் இசைக்கருவிக் கடைகளில் ஒரே மாதிரியான பேச்சு கேட்கும்.

“இது எதுக்குப்பா? ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்க. உலகத்துல இருக்கிற அத்தனை வாத்தியமும் அதுலயே வந்துடும்” என்பான் பையன். “லேப்டாப்புல எப்படிடா பாட்டு வாசிப்ப?” என்பார் அம்மா. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கீபோர்டில் ஸ்டார்ட் பட்டனைத் தட்டி, இடது கையால் மூன்று கட்டைகளை அழுத்துவார். டிரம்ஸ், பேஸ் கிதார், வயலின் கூட்டம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அப்பாவுக்கு அந்தச் சத்தமே போதும். பர்ஸ் வெளியே வந்துவிடும்.

இதில் பையன் சொல்வதும் உண்மை, அம்மா கேட்பதும் நியாயம். இரண்டு பேரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டிலும் கறுப்பு வெள்ளைக் கட்டைகள் இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆனால், சீட்டு எடுத்தோ போனஸை ஒதுக்கியோ சேர்த்த 60,000 ரூபாய் என்பது பல வீடுகளில் இசைக்காக ஒரே ஒரு முறை எடுக்கப்படும் தொகை. தவறான பெட்டி வீட்டுக்கு வந்தால், ஆறு மாதத்தில் அது பீரோவுக்கு மேலே போய்விடும். “பையனுக்கு ஆர்வம் இல்லை” என்று பழி மட்டும் பிள்ளைமேல் விழும். அதனால், வாங்குவதற்கு முன் இந்த இரண்டும் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

கடைக்காரர் தட்டிக் காட்டியதன் பெயர் அரேஞ்சர் கீபோர்டு. நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர்களும் சர்ச்சில் வாசிப்பவர்களும் ‘ஸ்டைல் கீபோர்டு’ அல்லது ‘ரிதம் வர்ற கீபோர்டு’ என்பார்கள். கட்டைகளை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொள்ளும் கருவி இது. இடது பக்கம் நீங்கள் பிடிக்கும் கார்டைக் கவனித்து, அதற்கேற்ப ஒரு முழுக் குழுவையே உள்ளிருந்து வாசிக்க வைக்கும். வலது பக்கம் பாட்டின் மெட்டு உங்கள் கையில்.

‘எப்படிக் கண்டுபிடிக்கிறது?’ என்று குழந்தைகள் கேட்பார்கள். மாயமில்லை. ஒவ்வொரு ஸ்டைலும் தொழிற்சாலையிலேயே ஒரே ஒரு கார்டில் எழுதி வைக்கப்பட்ட சின்னச் சின்ன இசைத் துண்டுகள். யமஹா கருவிகளில் வழக்கமாக அது சி மேஜர் செவன்த் கார்டு. நீங்கள் டி மைனர் பிடித்தால், எழுதி வைத்த ஸ்வரங்களை டி-க்கு நகர்த்தி, மைனருக்கு வேண்டியபடி மூன்றாவது ஸ்வரத்தை அரைப்படி இறக்கிக் கொடுக்கிறது. பேஸ் கிதாருக்கு ஒரு விதி, வயலினுக்கு ஒரு விதி, டிரம்ஸுக்கு மட்டும் எந்த மாற்றமும் கிடையாது. இத்தனையும் விரல் பட்ட கணத்தில் நடந்துவிடுகிறது.

ஒரு ஸ்டைலுக்குள் இன்ட்ரோ, மெயின் ஏ, பி, சி, டி, இடையில் ஃபில்-இன், கடைசியில் எண்டிங் என்று பிரிவுகள் உண்டு. பல்லவிக்கு மெயின் ஏ, அனுபல்லவியில் கொஞ்சம் நிறைவாக மெயின் பி, சரணத்துக்கு முன்னால் ஒரு ஃபில்-இன். இந்தப் பட்டன்களை எப்போது தட்டுவது என்பதுதான் ஸ்டைல் கீபோர்டு வாசிப்பவரின் கலை. இதை ‘பட்டன் தட்டுற வேலை’ என்று கேலி செய்பவர்கள், ஒரு கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் ஒரு தப்பும் இல்லாமல் தட்டிப் பார்க்கட்டும்.

ஸ்டைல்களைக் கேலி செய்பவர்களுக்காக ஒரு ஜப்பான் கதையும் உண்டு. காசியோ நிறுவனம் 1981இல் எம்டி-40 என்ற சின்ன கீபோர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ‘ராக்’ என்று பெயரிட்ட ஒரு தயார்நிலைத் தாளம் இருந்தது. அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். இசை படித்துவிட்டு அப்போதுதான் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த ஒரு தாளத்தை அப்படியே எடுத்து, ஜமைக்காவில் வெய்ன் ஸ்மித் 1985இல் ஒரு பாட்டுப் பாடினார். ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ என்ற அந்தப் பாட்டுக்குப் பிறகு ரெகே இசையின் போக்கே மின்னணுத் தாளங்களின் பக்கம் திரும்பியது. அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன. பிள்ளைகள் கையில் கொடுக்கும் கீபோர்டின் ஒரு பட்டனுக்குள் இருந்ததுதான் அது.

சரி, பையன் சொல்லும் லேப்டாப் பக்கம் வருவோம்.

1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்ற தகவலை மட்டும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஏற்பாடு இது. இதில் சத்தமே போகாது. ஒரு விதத்தில் பாட்டு வாத்தியார் எழுதிக் கொடுக்கும் ஸ்வரத் தாளைப் போல. நம் சினிமாவிலும் அந்தக் காற்று சீக்கிரமே வீசியது. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா சீக்வென்சர் வைத்து இசையமைத்ததைச் சினிமா ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். பிறகு 1996இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. வாத்தியங்களும் எஃபெக்டுகளும் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியேற இதுதான் வழி செய்தது. இன்று சாஃப்ட்வேர் வாத்தியம் என்றால் பெரும்பாலும் இதுதான்: நிஜ வாத்தியக்காரரை ஸ்டூடியோவில் உட்கார வைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, வேகமாக, மென்மையாக, அழுத்தமாக என்று பல விதமாகப் பதிவுசெய்து, கட்டையை அழுத்தும்போது பொருத்தமான பதிவை எடுத்துத் தருவது.

தரத்தில் இதனோடு நடுத்தர விலை கீபோர்டு போட்டி போட முடியாது. அதை மறைப்பதில் பயனில்லை. ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான ஜி.பி. இடம் பிடிக்கும். கீபோர்டுக்குள் எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து இருக்கும் இடம் அதில் மிகச் சிறிய பங்குதான். வயலின் கூட்டத்தை மட்டும் தனியாகக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால், “லேப்டாப் மட்டும் போதும்ப்பா” என்ற வாக்கியத்தில் அந்த ‘மட்டும்’தான் பிரச்னை. வாசிக்கக் கட்டைகள் வேண்டும், அதற்கு ஒரு மிடி கன்ட்ரோலர். தானாக ஒரு சத்தமும் போடாத, வெறும் கட்டைப்பலகை அது. அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ். பிறகு நல்ல ஹெட்போன் அல்லது ஸ்பீக்கர். லேப்டாப்பில் 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இல்லாவிட்டால் பெரிய லைப்ரரிகள் திணறும். பாட்டைப் பதிவுசெய்து தொகுக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். இதில் மட்டும் செலவு குறைவு. ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர் என்ற சாஃப்ட்வேரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர்தான். ஆர்கெஸ்ட்ரா, பியானோ போன்றவற்றிலும் நல்ல இலவச வாத்தியங்கள் கிடைக்கின்றன.

“எல்லாம் ஃப்ரீயாவே கிடைக்குதுண்ணே” என்று நண்பர்கள் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுக்கும் திருட்டுப் பிரதிகளை வீட்டுக்குள் விடாதீர்கள். அதே லேப்டாப்பில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது.

ஆடியோ இன்டர்ஃபேஸ் எதற்கு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் ஏமாற்றம் வருகிறது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு விநாடிக்கு 44,100 துணுக்குகள். 128 துணுக்குகளை ஒரு பொட்டலமாகக் கட்டினால் தாமதம் சுமார் 3 மில்லிசெகண்ட். 512 என்றால் கிட்டத்தட்ட 12. 1,024 என்றால் 23. இதற்கு மேலும் வழியில் கொஞ்சம் சேரும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் போகும் தூரம் சுமார் 34 சென்டிமீட்டர். அப்படியானால் 12 மில்லிசெகண்ட் தாமதம், ஸ்பீக்கரை நான்கு மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதுபோல. சமாளிக்கலாம். 30, 40 என்று ஏறினால் விரல் ஒரு இடத்திலும் சத்தம் இன்னொரு இடத்திலும் இருக்கும். பிள்ளைக்குத் தாளம் தப்புகிறது என்று வீட்டில் நினைப்பார்கள். தப்பு பிள்ளையிடம் இல்லை. விண்டோஸ் லேப்டாப்பின் சொந்த சவுண்டு கார்டில் இந்தத் தொல்லை அதிகம். இன்டர்ஃபேஸும் அதோடு வரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரும் இதைக் குறைக்கத்தான். புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அதில் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சாதாரணம்.

ஸ்டைல் கீபோர்டில் இந்தக் கவலை ஒன்றும் கிடையாது. பட்டனைப் போட்டால் சில விநாடிகளில் வாசிக்கத் தயார். விண்டோஸ் அப்டேட் வராது, பாஸ்வேர்டு கேட்காது.

இப்போது நம் இசைக்கு வருவோம். வெளிநாட்டு ஒப்பீடுகளைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

தொழிற்சாலை ஸ்டைல்களில் பாதிக்கு மேல் நமக்கு உதவாது. போல்கா, வால்ட்ஸ், பிக் பேண்ட் என்று வரிசையாக இருக்கும். டப்பாங்குத்துக்கும் கும்மிக்கும் பொருந்தும் ஆறெட்டுத் தாளங்கள் கொஞ்சம் தேறும். இதற்காகவே இந்தியச் சந்தைக்கென்று தனி மாடல்கள் இருக்கின்றன. யமஹாவின் பி.எஸ்.ஆர்-ஐ வரிசை, காசியோவில் ‘ஐ.என்’ என்று முடியும் மாடல்கள். தபலா, சிதார், வீணை போன்ற டோன்களும் நம் தாளங்களும் இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கும். யமஹா மாடல்களில் தம்புராவும் தபலாவும் சேர்ந்து ஒலிக்க, அதோடு பாடிப் பழகும் ‘ரியாஸ்’ வசதியும் உண்டு. பாட்டு கற்கும் பிள்ளை உள்ள வீட்டில் இந்த ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். இன்னொரு செய்தி, 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே யமஹாவின் தொழிற்சாலை கீபோர்டுகள் தயாரிக்கிறது.

ஆனாலும் தவில், உறுமி, பறை என்று கேட்டால் சின்ன மாடல்கள் கையை விரித்துவிடும். விலை கூடிய மாடல்களில் புதிய டோன்களையும் ஸ்டைல்களையும் ஏற்றிக்கொள்ள முடியும். அவற்றை உருவாக்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். மிஸ்ர சாபு போன்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் வேண்டுமென்றால், ஸ்டைல் கிரியேட்டர் உள்ள மாடலில் நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். லேப்டாப்பில் இது ஒரு வேலையே இல்லை. தாளக் கணக்கை ஏழு என்று மாற்றிவிட்டுத் தொடங்கலாம். பாட்டின் நடுவில் ஏழிலிருந்து எட்டுக்குத் தாவினாலும் அது முகம் சுளிக்காது. சொந்தமாக மெட்டுப் போடும் பிள்ளைக்கு இது பெரிய சுதந்திரம்.

கமகம் இன்னொரு விஷயம். கட்டைகளால் அசைக்க முடியாததை, பக்கத்தில் உள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தால்தான் அசைக்க முடியும். கர்நாடகக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவர்களின் இடது கை பெரும்பாலும் அதன்மேல்தான் இருக்கும். இந்தச் சக்கரம் இல்லாத மலிவு கீபோர்டுகள் ஏராளம். கடையில் முதலில் கண் போக வேண்டிய இடம் அது. ஸ்டைலை ஓடவிட்டு ராகம் வாசிக்கும்போது ஒரு சங்கடமும் உண்டு. இடது கை கார்டு பிடித்தபடி இருந்தால் சக்கரத்தைச் சுழற்றக் கை ஏது? இந்தக் கேள்விக்கு எந்த நிறுவனமும் முழுப் பதில் வைத்திருக்கவில்லை.

மேடைக்கு வருவோம். பாடகி மைக்கைப் பிடித்துக்கொண்டு கீபோர்டு பக்கம் திரும்பி, “அண்ணா, தொண்டை சரியில்லை, அஞ்சு கட்டை வேண்டாம், நாலரை வையுங்க” என்கிறார். ஸ்டைல் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு முறை தட்டினால் முழுக் குழுவும் நாலரைக் கட்டைக்கு வந்துவிடும். பாடகி சரணத்தை மறந்து பல்லவியை இன்னொரு முறை பாடினாலும் கவலை இல்லை. கார்டு மாறும்வரை ஸ்டைல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சர்ச்சில் பாட்டு முடிந்தபின் போதகர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டால், ஸ்டைலை நிறுத்திவிட்டு ஸ்டிரிங்ஸ் டோனில் மெதுவாகப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். கோயில் பஜனையில் ஒரு நாமாவளி எத்தனை முறை சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

லேப்டாப்பில் தயாரித்து எடுத்துவந்த மைனஸ் ஒன் ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. நான்காவது நிமிடத்தில் முடியும் என்றால் நான்காவது நிமிடத்தில் முடியும். லேப்டாப்பை மேடையில் உயிரோட்டமாக இயக்கும் சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு அற்புதமாக நிகழ்ச்சி நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஸ்டைல் கீபோர்டு செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து தரும் ‘பேண்ட் இன் எ பாக்ஸ்’ 1990லேயே வந்துவிட்டது. அதில் கார்டுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பாடுகிறவர் மனம் மாறினால் அதற்குத் தெரியாது. மேடை லேப்டாப் என்பது பல மாதப் பழக்கமும் தயாரிப்பும் கேட்கும் வேலை. பதினாறு வயதுப் பிள்ளையின் முதல் கருவியாக அதைக் கொடுத்துவிட்டு, “அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிடா” என்று சொல்ல முடியாது.

இதில் பிழைப்பும் கலந்திருக்கிறது. மெல்லிசைக் குழுவில் ஒரு காலத்தில் டிரம்ஸ், பாங்கோஸ், தபலா, பேஸ் கிதார், லீட் கிதார், வயலின்கள், புல்லாங்குழல் என்று மேடை நிறைய ஆள் இருந்தார்கள். ஸ்டைல் கீபோர்டும் ரிதம் பேடும் வந்தபின் பல குழுக்கள் நாலைந்து பேராகச் சுருங்கின. பிறகு ட்ராக் வந்து, அந்தக் கீபோர்டுக்காரரையும் சில மேடைகளிலிருந்து இறக்கிவிட்டது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பிள்ளை இசையில் சம்பாதிக்கவும் ஆசைப்பட்டால், பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ட்ராக்கைப் போட யார் வேண்டுமானாலும் போதும். பாடகரின் மூச்சைப் பார்த்து ஃபில்-இன் தட்டத் தெரிந்தவர்தான் அடுத்த கச்சேரிக்கும் கூப்பிடப்படுவார்.

கருவிக்கென்று ஒரு மதிப்பும் உண்டு. ஆர்.கே. சேகர் மறைந்த பிறகு, அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது என்று அவர் மகன் ஏ.ஆர். ரஹ்மானின் வாழ்க்கைக் கதையில் படித்திருப்பீர்கள். நல்ல கீபோர்டுக்கு இன்றும் அந்தக் குணம் இருக்கிறது. 1998இல் வந்த ரோலண்டு எக்ஸ்பி-60 நம் ஆர்கெஸ்ட்ரா மேடைகளை எவ்வளவு காலம் ஆண்டது என்பதைப் பழைய வாசிப்பாளர்களிடம் கேளுங்கள். அது ஸ்டைல் கீபோர்டு வகை இல்லை, சிந்தசைசர். ஆனாலும் உதாரணத்துக்குப் பொருந்தும். இவ்வளவு வருடம் கழித்தும் அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பை அத்தனை வருடம் கழித்து யார் வாங்குவார்கள்? சாஃப்ட்வேர் உரிமம் பலவற்றை இன்னொருவருக்கு மாற்றித் தரவே முடியாது.

அப்படியானால் லேப்டாப் யாருக்கு? குறும்படத்துக்குப் பின்னணி இசை போட்டுப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு. ஒரு பாட்டைக் கேட்டதும், “அந்த இடத்துல பின்னாடி ஒரு செல்லோ போகுது பாத்தியா?” என்று கேட்கிற பிள்ளைக்கு. மேடைக் கூச்சம் உள்ள, அறைக்குள் தனியாக மணிக்கணக்கில் உட்காரும் பிள்ளைக்கு. இவர்களுக்கு ஸ்டைல் கீபோர்டு வாங்கிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் சலிப்பு வந்துவிடும். யாரோ ஜப்பானில் அமைத்து வைத்த வாத்திய ஏற்பாட்டை மாற்ற முடியாமல் தவிப்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தாங்களே எழுத வேண்டும்.

ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. லேப்டாப்பில் எதையும் எப்போதும் மாற்றலாம். அதனால் எதுவும் முடிவதில்லை. எட்டு பார் நீளத்தில் நாற்பது பாட்டுத் துண்டுகள் கிடக்கும், முழுப் பாட்டு ஒன்றுகூட இருக்காது. புது பியானோ சத்தம் தேடி ஒரு மாலை, அதை இறக்க ஒரு இரவு. கட்டையில் கை வைத்தது பத்து நிமிடம். ஸ்டைல் கீபோர்டில் எண்டிங் பட்டனைத் தட்டினால் பாட்டு முடிந்தே தீரும். கேட்டவர் கை தட்டுவார், அல்லது தட்டமாட்டார். கற்றுக்கொள்ளும் வயதில் இந்த முடித்து வைக்கும் பழக்கம் சத்தத்தின் தரத்தைவிட முக்கியம். முதல் கருவி எது என்ற கேள்வியில் தராசு கீபோர்டு பக்கம் சாய்வது இதனால்தான். வீட்டிலோ கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும் பிள்ளைக்கு முதலில் ஸ்டைல் கீபோர்டு வாங்குங்கள்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர். அதில் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு என்று தனித் தேர்வு உண்டு. ஸ்டைலோடு சேர்த்து வாசிப்பதே அதன் உயிர். பியானோ தேர்வு வேறு. அதற்கு எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவாவது வேண்டும். டீச்சரிடம் “எந்தத் தேர்வு மேடம்?” என்று கேட்காமல் கருவி வாங்கிவிட்டுப் பிறகு மாற்ற அலையும் பெற்றோர் அதிகம்.

அந்த 60,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? முழுவதையும் ஒரே பெட்டியில் கொட்ட வேண்டியதில்லை. 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் இந்தியத் தாளங்களோடு, பிட்ச் பெண்ட் சக்கரத்தோடு, 61 கட்டைகள் உள்ள ஒரு ஸ்டைல் கீபோர்டு கிடைக்கும். அதன் பின்பக்கத்து யு.எஸ்.பி. வழியாக வீட்டில் ஏற்கெனவே இருக்கும் லேப்டாப்போடு இணைத்தால், அதுவே மிடி கன்ட்ரோலர். தனியாக ஒன்று வாங்க வேண்டாம். ஸ்டைலோடு வாசித்ததை அப்படியே மிடியாகப் பதிவுசெய்து, பேஸ் கிதாரை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு சாஃப்ட்வேர் பேஸை வைத்துப் பார்க்கலாம். ஒரு பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மீதிப் பணத்தைத் தொடாமல் வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் பிள்ளை மேடையில் இருக்கிறானா, லேப்டாப் முன்னால் இருக்கிறானா என்று தெரிந்துவிடும். மேடை என்றால் நல்ல ஸ்பீக்கருக்கும் பெரிய கீபோர்டுக்கும், லேப்டாப் என்றால் ரேமுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் அந்தப் பணம் போகட்டும். லட்சங்களில் விலை போகும் ஜெனோஸ் போன்ற கருவிகளின் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து கண்ணைக் கசக்கினால், “சம்பாதிச்சு வாங்கிக்கடா” என்று சொல்வதில் தப்பே இல்லை.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள், முடிந்தால் மாஸ்டரையும். டெமோ பட்டனைக் கடைக்காரர் தட்டினால் ரசித்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். டெமோவில் எல்லாக் கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும். ஒரே கட்டையை மெதுவாகவும் பலமாகவும் அழுத்திச் சத்தம் மாறுகிறதா பாருங்கள். மாறாவிட்டால் அது ‘டச் சென்சிடிவ்’ இல்லை, வேண்டாம். ஸ்டைலை ஓடவிட்டு, சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு நிறையக் கட்டைகளை அழுத்துங்கள். முதலில் அழுத்திய ஸ்வரம் சட்டென்று அறுந்தால், அந்தக் கருவியால் ஒரே நேரத்தில் அதிக ஸ்வரங்களைத் தாங்க முடியவில்லை என்று பொருள். பாலிஃபனி என்று பெட்டியில் 32, 48, 64 என்று போட்டிருக்கும். கூடுதலாக இருந்தால் நல்லது.

பழைய கீபோர்டு வாங்குவதென்றால் எல்லாக் கட்டைகளையும் ஒன்றுவிடாமல் ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் ஒரு கட்டை மட்டும் அலறினாலோ, ஊமையாக இருந்தாலோ உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான், விலையைக் குறைத்துக் கேட்கலாம். டிஸ்பிளே மங்கியிருந்தாலும், பிட்ச் சக்கரத்தை விட்டபின் ஸ்வரம் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலும் யோசியுங்கள்.

அடாப்டரை மறக்காதீர்கள். சின்ன யமஹாக்களில் பல 12 வோல்ட், பெரியவற்றில் சில 16 வோல்ட். பிளக் பொருந்துகிறது என்று வேறு எதையாவது செருகினால் போர்டு போய்விடும். மேடையில் ஜெனரேட்டர் மாற்றும் அந்த ஒரு நொடியில் அடாப்டரில் ஓடும் கீபோர்டு அணைந்துவிடும், பக்கத்தில் உள்ள லேப்டாப் பேட்டரியில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் வழி உண்டு. அந்தச் சின்ன கீபோர்டுகளில் பல ஆறு பேட்டரிகளிலும் ஓடும். கச்சேரிக்குக் கிளம்பும்போது ஆறு புது பேட்டரி போட்டுக்கொண்டு போனால் போதும்.